கழித்த பொருளும் கற்ற கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம் மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் வந்து இலக்கியம் பேசுவார்கள். நாம் கேட்டு மகிழ்வோம். அத்தகைய மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தனாகக் காலந் தள்ளும் என்னை நிறுத்தி, "படிப்பகத்துத் தாழ்வாரத்தில் நீங்கள் செய்து வைத்திருக்கும் விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்து விட்டார். சிறுவர் ஆடுகின்ற ஒரு பெட்டி. அதைப் பற்றிப் பெரியவர்கள் கூடிய அவையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை பிறர் வேண்டாமென்று கழித்துவிட்ட பொருள்கள். அவற்றை இயக்கியவை உலகம் வேண்டாமென்று ஒதுக்கிவிட்ட கைகள். இவ்விரண்டைப் பற்றியும் பேசுவதற்குக் கோலார் தங்கவயலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் எங்கே இருக்கிறது?

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்து விடுகிறேன். "பயணச்சீட்டு எழுதுகிறவனுக்கு இயந்திர வேலை எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் தாமஸ் எட்மண்ட்சன் என்பவரின் வரலாற்றைச் சொன்னேன். இங்கிலாந்து நாட்டவர். மரச்சாமான் செய்யும் தொழிலைப் பயின்றவர்; தொழிலில் நொடித்துப் போய், 1836-ஆம் ஆண்டில் சிறிய ரயில் நிலையம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் சீட்டைக் கையாலேயே எழுதித் தர வேண்டும். கணக்கும் சரியாக நிற்காது. எட்மண்ட்சன் தடித்த அட்டையில், வரிசை எண்ணிட்டு, முன்னரே அச்சிட்ட சிறு சீட்டைக் கண்டுபிடித்தார். அச்சீட்டில் தேதியைக் குத்துவதற்கு ஒரு சிறு பொறியையும் அமைத்தார். அந்தச் சீட்டும் அந்தப் பொறியும் உலகெங்கும் பரவின. நம் நாட்டு ரயில் நிலையங்களில் நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டன. நான் பணியில் சேர்ந்த புதிதிலும் சிறு நிலையங்களில் அவை இருந்தன. சீட்டை அப்பொறியின் வாயில் வைத்துத் தள்ளினால் "டக்" என்று தேதி விழும். பொறி பழுதானால் நாங்களே திறந்து, துடைத்து, எண்ணெய் இட்டு ஓட்டுவோம். இன்று எங்கள் மேசையில் கணிப்பொறி இருக்கிறது. அது விரைவாக வேலை செய்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அது பழுதானால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: தொலைபேசியை எடுத்து ஆளை அழைப்பது. பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவனுக்கும் அதன் உள்ளே நடப்பதை அறிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது. அந்த வேறுபாடே இன்றைய என் பேச்சின் உயிர்நிலை.

இனி, விளையாட்டுப் பெட்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். 1990-ஆம் ஆண்டுகளில் பெங்களூருக்கோ சென்னைக்கோ சென்றவர்கள் "வீடியோ கேம்" கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆளுயரப் பெட்டி, அதன் முகத்தில் தொலைக்காட்சி போன்ற திரை, திரைக்குக் கீழே ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். அமெரிக்க நாட்டில் அடாரி என்னும் நிறுவனம் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட "பாங்" என்னும் பந்தாட்டம் இவ்வகைப் பெட்டிகளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அடுத்து ஜப்பானியர் புகுந்தனர். 1978-ஆம் ஆண்டில் தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் டைட்டோ நிறுவனத்துக்காக "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" என்னும் ஆட்டத்தை அமைத்தார். 1980-ஆம் ஆண்டில் நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாடானி என்பவர், வாயைத் திறந்து திறந்து மூடிப் புள்ளிகளை விழுங்கும் மஞ்சள் வட்டமாகிய "பேக்-மேன்" ஆட்டத்தைப் படைத்தார்.

நிஷிகாடோவின் ஆட்டத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. மேலிருந்து வரிசை வரிசையாகப் பகைவர் இறங்கி வருவர். அவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, எஞ்சியவர் விரைந்து வரத் தொடங்குவர். ஆடுகின்றவனுக்கு நெஞ்சு படபடக்கும். இந்த விரைவு முதலில் திட்டமிட்டு வைத்ததன்று. அக்காலத்துச் சில்லு மிக மெதுவாக இயங்குவது. திரையில் உருவங்கள் நிறைந்திருக்கும்போது அவற்றை வரைந்து முடிக்க அதற்கு நேரம் பிடித்தது. உருவங்கள் குறையக் குறைய, சுமை குறைந்த வண்டிபோல அது விரைந்து ஓடிற்று. அமைத்தவர் அதைக் கண்டார், ஆட்டத்துக்கு அதுவே சுவை தருகிறதென்று உணர்ந்தார், அப்படியே விட்டுவிட்டார். தன் பொறியை உள்ளும் புறமும் அறிந்தவனுக்கே அதன் குறையையும் குணமாக்கும் திறன் வாய்க்கும்.

அன்பர்களே! அத்தகைய பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்குவதானால் நம்மைப் போன்றோர்க்குக் கட்டுப்படியாகாது. ஆயினும், அதைச் செய்வதற்கு வேண்டிய உறுப்புகள் நம் வீட்டுப் பரண்களிலும் அலுவலகங்களின் மூலைகளிலும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய கணிப்பொறிகளைத்தான் சொல்லுகிறேன். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு "விண்டோஸ் 10" என்னும் இயக்கு நிரலுக்குத் தரும் பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த நிரலை ஏற்கும் தகுதி பழைய பொறிகள் பலவற்றுக்கு இல்லை. ஆகையால், ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளே கழிவாகி வெளியே வருகின்றன. அவை எங்கே போகின்றன? பெங்களூரில் எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பழைய பொறிகளின் உறுப்புகள் கடைதோறும் விலைக்கு வருவதைக் காணலாம். அங்கும் விலைபோகாதவை உடைக்கப்படுகின்றன.

உடைப்பது எதற்காக என்பதை நம் ஊரார் கட்டாயம் அறிய வேண்டும். அவற்றுள்ளே பொன் இருக்கிறது! மதர்போர்டு என்னும் பெரும்பலகையின் இணைப்பு முனைகளிலும் நினைவகத் தகட்டின் ஓரங்களிலும் மெல்லிய பொற்பூச்சு உண்டு. பொன் துருப்பிடிக்காது, மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும், ஆகையால் பூசுகிறார்கள். நம் சுரங்கம் மூடப்படுங் காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் பொன்னே கிடைத்தது. ஒரு டன் கணிப்பொறிப் பலகைகளில் இருக்கும் பொன் அதைப்போலப் பன்மடங்கு. இதைக் கேட்டவுடன் இளைஞர்கள் சிலருடைய கண்கள் ஒளிர்வதைக் காண்கிறேன். ஒளிர வேண்டா, தம்பிமார்களே! வீட்டுக் கொல்லையில் அமிலத்தை ஊற்றியும் பலகையை எரித்தும் அப்பொன்னை எடுக்க முனைந்தால், பொன்னுக்கு முன்னே நுரையீரலுக்குள் நச்சுப்புகை வந்து சேரும். ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கும். சுரங்கத் தூசியால் மார்பு நோய் கண்டு இருமி இருமி மாய்ந்த தந்தையரையும் பாட்டன்மாரையும் கண்ட ஊர் இது. அந்தப் பாடத்தை நாம் மறுமுறை படிக்க வேண்டியதில்லை. நம் நாட்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளின்படி இத்தகைய கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தாரே உடைத்துப் பிரிக்க வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? உடைப்பதற்கு முன்னே, அது இன்னும் உழைக்குமா என்று பார்ப்பது. நம் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண்மேடுகளைப் பாருங்கள். பொன் எடுத்தபின் கொட்டிய சக்கை என்றே அவற்றை இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். அவற்றிலும் பொன் எஞ்சியிருக்கிறது என்று கண்டு, மீண்டும் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவளித்தது. சக்கை என்று பெயரிட்டுவிட்டதனாலேயே ஒரு பொருள் சக்கையாகி விடுவதில்லை. இதனை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

இந்த எண்ணத்தோடுதான் சென்ற ஆண்டு நாங்கள் சிலர் கூடினோம். எங்கள் லைனில் வாழும் பெரியவர் ஒருவர். சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். மற்றொருவர் பிட்டராக இருந்து ஓய்ந்தவர். மூன்றாமவர் தச்சு வேலை செய்யும் அண்ணன். பள்ளியில் படிக்கும் சிறுவன் ஒருவனும் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணொருத்தியும் சேர்ந்தார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி எழுந்தது. நன்கொடையாக வந்த பழைய கணிப்பொறி ஒன்று, பதினேழு அங்குலத் திரை ஒன்று, ஒலிபெருக்கி இரண்டு. உடைந்த அலமாரியின் பலகைகளை அண்ணன் இழைத்துக் கூடாக்கினார். கைப்பிடிகளும் பொத்தான்களும் மட்டும் எஸ்.பி. ரோட்டில் வாங்கினோம். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

இதில் எது கடினம் என்று நீங்கள் கேட்கலாம். மரவேலை கடினமன்று, கணிப்பொறியை ஓடவிடுவதும் கடினமன்று. கைப்பிடியின் அசைவைக் கணிப்பொறி உணரும்படி செய்வதுதான் நுட்பமான பகுதி. அதற்கென்றே விற்கும் சிறு பலகைகள் உண்டு. ஆனால் நாங்கள் பழைய கீபோர்டு ஒன்றையே பயன்படுத்தினோம். விலை மிச்சம் என்பதற்காக மட்டுமன்று. பிள்ளைகள் அதன் உள்ளே இருப்பதைக் காண வேண்டும் என்பதற்காக.

கீபோர்டில் ஏறத்தாழ நூற்றுநான்கு விசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் நூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள் வேண்டும். ஆனால் கீபோர்டைத் திறந்தால், உள்ளங்கையில் அடங்கும் சிறு பலகை ஒன்றுதான் இருக்கும். அதில் ஒரு பக்கம் எட்டு முனைகள். மறுபக்கம் பதினாறு அல்லது பதினெட்டு முனைகள். அவ்வளவே. இரண்டு மெல்லிய தாள்களில் கோடுகள் ஓடுகின்றன. எட்டைக் கிடைவரிசை என்றும் மற்றவற்றை நெடுவரிசை என்றும் கொள்ளுங்கள். ஒரு விசையை அழுத்தும்போது, ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுங்கோடும் தொட்டுக் கொள்கின்றன. எந்தக் கோடு எந்தக் கோட்டைத் தொட்டது என்பதைக் கொண்டு, அழுத்தப்பட்ட எழுத்து இன்னதென்று அச்சிறு பலகை அறிந்துகொள்கிறது. எட்டும் பதினாறும் பெருகினால் நூற்றிருபத்தெட்டு. நூற்றுநான்கு விசைகளுக்கு அது போதும்.

இதை நான் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பிள்ளைகள் இருவரும் விழித்தார்கள். வைண்டிங் என்ஜின் பெரியவரோ சிரித்தார். "இது எங்கள் மணி போல அல்லவா இருக்கிறது!" என்றார். சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் நிற்பவனுடைய குரல் மேலே இருப்பவனுக்குக் கேட்காது. மணியடித்துத்தான் செய்தி சொல்ல வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு மணி இல்லை. அடிக்கும் எண்ணிக்கையையும் இடைவெளியையும் கொண்டு, நிறுத்து, ஏற்று, இறக்கு, ஆள் வருகிறது என்று பல செய்திகளை ஒரே மணியால் உணர்த்துவார்கள். "குறைந்த கம்பியில் நிறைந்த செய்தி, தவறாகப் படித்தால் உயிர் போகும். அவ்வளவுதான் கண்ணு" என்று அவர் விளக்கினார். எனக்கு அரைமணி நேரம் பிடித்த பாடத்தை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "இதை எப்படித் தாத்தா சட்டென்று சொன்னீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அப்போது அவர் கூறிய விடையை நான் என்றும் மறவேன். "சுரங்கம் மூடினதிலிருந்து என் வேலையைப் பற்றி என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை அம்மா. நீதான் முதலில் கேட்கிறாய்" என்றார்.

பெரியோர்களே! 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று வேலை போயிற்று, கூலி போயிற்று, பல குடும்பங்களில் நிம்மதி போயிற்று. அவற்றையெல்லாம் இம் மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் கைகளில் இருந்த அறிவு அன்று போய்விடவில்லை. அது இன்றும் நம் லைன் வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்து வெயில் காய்கிறது. கேட்பார் இல்லாமையால், ஒவ்வோர் ஆண்டும் அதில் ஒரு பகுதி சுடுகாட்டுக்கும் கல்லறைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

நம் ஊர் எத்தகைய ஊர்? 1902-ஆம் ஆண்டில், நாட்டின் பெருநகரங்கள் பலவும் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவு கம்பி இழுத்து, மின்சாரம் கொண்டுவரப்பட்டது இந்த ஊருக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்றது. 1965-ஆம் ஆண்டில், அச்சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவட்டை இந்திய, ஜப்பானிய, ஆங்கில அறிஞர்கள் கண்டார்கள். அறிஞர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. அக்கருவிகள் இறங்கிய கூண்டை ஏற்றி இறக்கியவரும், பாறை சரியாமல் முட்டுக் கொடுத்தவரும், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த நம் முன்னோரைப் போன்றவர்கள்தாம். பொன் மண்ணில் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது இவர்களுடைய கை. மண்ணில் இருந்ததைப் பிறர் எடுத்துக் கொண்டார்கள். கையில் இருந்தது மட்டுமே நமக்கு மிஞ்சிய சொத்து. அதை அடுத்த தலைமுறைக்கு உரிமையாக்காமல் போனால் நாமே அதை மூடியவர்கள் ஆவோம்.

மீண்டும் பெட்டிக்கு வருகிறேன். கீபோர்டுப் பலகையின் முனைகளில் கம்பிகளைப் பற்றவைத்தோம். கைப்பிடியின் அடியில் நான்கு சிறு சுவிட்சுகள் இருக்கும். மேலே தள்ளினால் ஒன்று, கீழே இழுத்தால் ஒன்று, இடம் வலமாக இரண்டு. ஒவ்வொன்றையும் ஒரு கிடைவரிசைக்கும் ஒரு நெடுவரிசைக்கும் இடையே இணைத்தால், கைப்பிடியின் அசைவு கணிப்பொறிக்கு எழுத்தாகத் தோன்றும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று விசைகள் ஒருங்கே அழுந்தி, அவை ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளாக அமைந்துவிட்டால், நான்காம் மூலையில் யாரும் அழுத்தாத விசையையும் பலகை அழுந்தியதாக எண்ணிவிடும். இருவர் சேர்ந்து ஆடும்போது இது நேரும். ஆகையால், எந்த விசைகளைத் தெரிந்தெடுப்பது என்பதை முன்னரே கட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் போட்டது பள்ளிச் சிறுவன். கணக்குப் பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் இருப்பவன் என்று அவன் தாயார் வருந்துவார். அன்று இரவு ஒன்பது மணிவரை அவன் எழுந்திருக்கவில்லை.

பற்றவைக்கும் வேலையைப் பிட்டர் பெரியவர் அந்தப் பெண்ணுக்குக் கற்பித்தார். "ஈயத்தைச் சூடாக்காதே, சேர்க்க வேண்டிய இடத்தைச் சூடாக்கு, ஈயம் தானே ஓடிவரும்" என்பது அவர் சொன்ன முதற்பாடம். வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக்கூடாது என்பது இரண்டாம் பாடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதன் பொருளை நான் அன்று கண்ணாரக் கண்டேன். மின்னணுவியலில் பட்டம் பெறப் படிக்கும் அப்பெண், அதுவரை பற்றுக்கோலைத் தன் கையால் பிடித்ததில்லை. மூன்றாம் ஞாயிறன்று அவள் வைத்த இணைப்பைப் பெரியவர் இழுத்துப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கம்பியை எடுத்துக் கொடுத்தார். சுரங்கத்துப் பணிமனையில் அதற்கு மேற்பட்ட பாராட்டு இல்லை என்று எனக்குப் பின்னர் சொன்னார்கள்.

வீட்டில் முயல விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள். பழைய காலத்துப் பருத்த கண்ணாடித் திரையைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக் கூடும். அதன் கண்ணாடியிலும் ஈயம் உண்டு. தட்டைத் திரையே நமக்குப் போதும். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியையும் பிரிக்காதீர்கள். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் அதில் தேங்கி நிற்கும். நிலக்கம்பியுள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துங்கள். மரக்கூட்டுக்குள் வெப்பம் தங்காதபடி பின்புறத்தில் காற்றுவழி விடுங்கள்.

அடுத்து, பழைய ஆட்டம் இன்றைய பொறியில் எப்படி ஓடுகிறது என்பது. பேக்-மேன் பெட்டியின் சில்லு நொடிக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் துடிப்புத் துடித்தது. நாம் கழித்துக் கட்டிய கணிப்பொறியோ நொடிக்கு இருநூறு கோடித் துடிப்புக்கு மேல் துடிப்பது. ஆயினும் அது வேறு சில்லு. இதற்கு அதன் மொழி தெரியாது. ஆகவே, இடையில் ஒரு நிரல் வேண்டும். நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் 1997-ஆம் ஆண்டில் "மாமே" என்னும் நிரலைத் தொடங்கினார். தெருக்கூத்தில், பகலெல்லாம் ஏர் பிடித்தவன் இரவில் கிரீடம் தரித்துத் துரியோதனனாக நிற்கிறான் அல்லவா? நடையும் குரலும் துரியோதனனுடையவை. உள்ளே இருப்பவன் வேறு. அதுபோல, இன்றைய கணிப்பொறி அந்நாளைய சில்லின் வேடத்தைப் புனைந்துகொண்டு, அதன் நடையை அடிக்கு அடி நடந்து காட்டுகிறது. வேடம் அவ்வளவு பொருந்துவதால், பழைய ஆட்டம் தான் பழைய பெட்டியிலேயே இருப்பதாக எண்ணி ஓடுகிறது. இந்நிரலும், அதைத் தாங்கும் லினக்ஸ் என்னும் இயக்கு நிரலும் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆனால் ஒன்று: நிரல் விலையின்றிக் கிடைப்பதால் ஆட்டங்களும் அப்படியே என்று எண்ணக் கூடாது. ஆட்டம் என்பது ஒருவருடைய படைப்பு. அதற்கு உரிமையாளர் உண்டு. உரிமையாளரே இலாப நோக்கின்றி ஆடலாம் என்று விட்டுக்கொடுத்த பழைய ஆட்டங்கள் சில இருக்கின்றன. ஆர்வலர்கள் புதிதாக எழுதிப் பொதுவில் வைத்தவையும் இருக்கின்றன. நம் படிப்பகத்துப் பெட்டியில் அவை மட்டுமே உள்ளன. நூலகத்தில் திருட்டுப் புத்தகம் வைக்காத சங்கம், பெட்டிக்குள்ளும் திருட்டுப் பொருளை வைக்கலாகாது என்று முடிவு செய்தோம்.

தாய்மார்களின் கவலையை நான் அறிவேன். "கைபேசியிலேயே பிள்ளைகள் கெட்டுக் கிடக்கிறார்கள், நீங்கள் வேறு ஆட்டப் பெட்டி செய்து தருகிறீர்களே!" என்று ஓர் அம்மையார் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் குடிகெட்டவர்கள் எத்தனை பேர்! நடுவண் அரசு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சட்டமியற்றி அவற்றைத் தடை செய்ய நேர்ந்தது. ஆனால் இந்தப் பெட்டியின் இயல்பு வேறு. இது பையில் ஏறாது, படுக்கைக்கு வராது, பணம் கேட்காது. ஒருவன் ஆட நால்வர் சூழ நின்று பார்க்க வேண்டும். தோற்றவன் விலகி அடுத்தவனுக்கு இடம் தர வேண்டும். ஆறு மணி முதல் எட்டு மணி வரைதான் மின்சாரம் என்று சங்கம் விதித்திருக்கிறது. அதற்கும் மேலாக, இதை ஆடும் பிள்ளைக்கு இதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். பொத்தான் ஒன்று பழுதானால், பின்கதவைத் திறந்து அவனே மாற்றுகிறான். தன்னால் திறக்க முடிந்த பொறிக்கு மனிதன் அடிமையாவது அரிது என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் நம் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பெங்களூருக்குச் செல்வதை, என் பணியின் காரணமாக நான் காண்கிறேன். போகவும் வரவும் நெடுந்தொலைவு. பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலர் அங்கே காவலராகவும் கடைச் சிப்பந்தியாகவும் மூட்டை தூக்குபவராகவும் உழைக்கிறார்கள். எந்த உழைப்பும் இழிவன்று. ஆயினும், இவர்களுடைய பாட்டனார் வந்த வழியை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கூலியாக வந்து பிட்டராக, டர்னராக, என்ஜின் ஓட்டுபவராக உயர்ந்தார்கள். பேரன்கள் மறுபடியும் கூலியாகப் புறப்படுகிறார்கள். நடுவில் அறுந்த கண்ணி எது? கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கவில்லை. சுரங்கம் இருந்தவரை பணிமனையே பள்ளியாக இருந்தது. அது மூடியபின் வேறு பள்ளியை நாம் திறக்கவில்லை.

ஆகவே, இந்த ஆண்டு விழாவில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். படிப்பகத்தின் பின்னறை வெறுமனே கிடக்கிறது. அதில் ஒரு நீண்ட மேசை, இரண்டு பற்றுக்கோல், ஒரு மின்னளவி, சில திருப்புளிகள், நல்ல வெளிச்சம், நல்ல காற்று — இவ்வளவு போதும். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம். ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர்க்கு இளைஞர் இருவர் என்று அமரட்டும். உறுப்பினர் வீடுகளில் கழித்துப் போட்ட கணிப்பொறிகளைச் சங்கத்துக்குக் கொடுக்கட்டும். ஓடத்தக்கவற்றை ஓடவைத்து, படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு வழங்குவோம். ஓடாதவற்றின் நல்ல உறுப்புகளை எடுத்துவைப்போம். எஞ்சியதைச் சட்டப்படி பதிவு பெற்றவர்களிடம் ஒப்படைப்போம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. மாதம் ஒரு குடும்பம் இருபது ரூபாய் கொடுத்தால் நடக்கும்.

விளையாட்டுப் பெட்டி இதற்கு ஒரு தொடக்கமே. பிள்ளைகளை அறைக்குள் அழைத்து வருவதற்கு அது ஒரு மணியோசை. உள்ளே வந்தபின் அவர்கள் மின்விசிறியைப் பழுது பார்க்கட்டும், தையற்பொறியைத் திறக்கட்டும், நீரேற்றும் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் பழகட்டும். ஒரு பொறியைத் திறந்து மூடிய கை அடுத்த பொறிக்கு அஞ்சாது.

பெரியவர்களுக்கு ஒரு சொல். "எங்கள் காலத்து வேலை வேறு, இந்தக் காலத்துக் கணிப்பொறி எங்களுக்கு விளங்காது" என்று ஒதுங்காதீர்கள். மணியோசையை அறிந்தவருக்குக் கீபோர்டு விளங்கிற்று. அரமும் அளவுகோலும் பிடித்த கைக்குக் கைப்பிடியின் அமைப்பு விளங்கிற்று. இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் இன்று மாலை ஒரு கேள்வி கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி வேண்டா; அதை எல்லாரும் கேட்கிறார்கள். "தாத்தா, சுரங்கத்தில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? அதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த எப்படி என்ற சொல்லில்தான் நம் ஊரின் எஞ்சிய பொன் இருக்கிறது.

விழா முடிந்ததும் தாழ்வாரத்துக்கு வாருங்கள். பெட்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருப்போம். முன்பக்கம் ஆடுவதற்கு, பின்பக்கம் அறிவதற்கு. இரண்டையும் பார்த்துச் செல்லுங்கள்.